இன்ஜின் வேலை பார்த்த பழைய வண்டி: எதைக் கேட்பது, எதைத் தொட்டுப் பார்ப்பது

“இன்ஜின் பிரிச்சு வேலை பாத்து மூணு மாசந்தான் ஆவுது அண்ணாச்சி. இனி அஞ்சு வருசத்துக்குக் கை வைக்க வேண்டாம், பாத்துக்கிடுங்க.”

திருநெல்வேலியிலோ ஆலங்குளத்திலோ பழைய பொலிரோ, சுமோ, டாடா 407, டீசல் அம்பாசிடர் என எதை விலை பேசப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் நிஜமாகவே கைக்காசைப் போட்டுச் செலவு செய்திருக்கலாம். ஆனால் ‘இன்ஜின் வேலை’ என்ற சொல்லுக்குள் எது வேண்டுமானாலும் அடங்கிவிடும். ரிங்கை மட்டும் மாற்றி மூடியதும் இன்ஜின் வேலைதான். பிளாக்கை (இன்ஜினின் உடல்) லேத்துக்குக் கொண்டுபோய் அளந்து, கிராங்கை (உள்ளே சுழலும் முதன்மைத் தண்டு) கிரைண்டிங் போட்டு, ஆயில் பம்பு வரை மாற்றிக் கட்டியதும் இன்ஜின் வேலைதான். முன்னது ஒரு வருடம் தாங்கினாலே பெரிது. பின்னது ஒழுங்காக நடந்திருந்தால் லட்சம் கி.மீ.க்கு மேல் ஓடும். விற்பவர் கேட்கும் விலை மட்டும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: புதிதாக வேலை பார்த்த இன்ஜினை எடைபோடுவதுதான் மிகக் கடினம். பிரிக்காமல் ஓடித் தேய்ந்த இன்ஜின் தன் குறையை மறைக்காது. புகை, சத்தம், குறையும் ஆயில் என எல்லாமே வெளியே தெரிந்துவிடும். நேற்றுக் கட்டிய இன்ஜினில் ரிங் புதிது, பாகங்களுக்கு நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கட் புதிது, ஆயில் புதிது. தப்பாகக் கட்டியிருந்தாலும் முதல் சில நூறு கி.மீ. நன்றாகவே ஓடும். அதனால் வேலை பார்த்து 200 கி.மீ. ஓடிய வண்டியைவிட, பில்லும் கையில் இருந்து 5,000 கி.மீ. ஓடியும் காட்டிய வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை.

உள்ளே என்ன தேய்கிறது

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தோல் வாசர் காய்ந்து சுருங்கிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் காற்று டியூபுக்குப் போகாது, ஓரமாக நழுவிவிடும். இன்ஜினில் அந்தக் குழாயின் இடத்தில் இருப்பது போர். அதில் ஏறி இறங்குவது பிஸ்டன். வாசரின் வேலையைச் செய்வது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள். பெரும்பாலான வண்டிகளில் மேலே இரண்டு கம்ப்ரஷன் ரிங், அதற்குக் கீழே ஓர் ஆயில் ரிங். மேல் ரிங்குகள் அழுத்தத்தைக் கீழே விடாமல் பிடிக்கும். ஆயில் ரிங், போர் சுவரில் ஒட்டிய ஆயிலை வழித்துக் கீழே தள்ளும். இவை தேய்ந்தால் எரிந்த வாயு கீழே இறங்கி பிரீத்தர் (இன்ஜின் மூச்சுவிடும் குழாய்) வழியாக ஊதும், ஆயில் மேலே ஏறிப் புகையாக வெளியேறும்.

போர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அங்கே வெப்பமும் அழுத்தமும் கூடுதல், ஆயிலோ குறைவு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்ந்து தள்ளுவதால் இரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்து போர் முட்டை வடிவமாகும். ரிங் எட்டாத உச்சியில் உலோகம் தேயாமல் ஒரு விளிம்பாக நிற்கும். இந்த விளிம்பைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

தேய்கிற இரண்டாவது இடம் கிராங்க் பேரிங். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே விடும் இடைவெளி சுமார் 0.05 மி.மீ. அதில் நிற்கும் ஆயில் படலந்தான் மொத்த பாரத்தையும் தாங்குகிறது. இடைவெளி பெருகினால் ஆயில் வழிந்தோடும், பிரஷர் விழும், உலோகத்தில் உலோகம் மோதும். மூன்றாவது இடம் பிளாக்கின் மேல் மூடியான ஹெட்: வால்வு, வால்வு சீட், கைடு, ஹெட்டின் அடிப்பரப்பு.

நம் வட்டாரத்தில் இன்ஜினைச் சீக்கிரம் கொல்பவை இரண்டு. ஒன்று புழுதி. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலிலும், கிரஷர் வாசலிலும், செங்கல் சூளையிலும் ஓடிய வண்டி ஏர் ஃபில்டர் விஷயத்தில் கொஞ்சம் அசந்தால் போதும், மண் உள்ளே போய் ரிங்கை உப்புத்தாள் போல ராவிவிடும். இரண்டாவது தண்ணீர். ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்தில் உப்பேறிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகள் உண்டு. பானையில் உப்புப் படிவது போல பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் படிந்து அடைத்துக்கொள்ளும். சூடு ஏறும், ஹெட் வளையும், கேஸ்கட் போகும்.

இன்ஜின் எதனால் போனதோ அதைச் சரிசெய்யாமல் இன்ஜினை மட்டும் கட்டியிருந்தால், அதே கோளாறு மறுபடியும் வரும். ஆகவே வண்டியைப் பார்க்கப் போனதும் செய்ய வேண்டிய எளிய சோதனை இதுதான். ஏர் ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, அதன் உள்பக்கம் விரலை விட்டுத் தடவுங்கள். விரலில் மண் ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டிப் புழுதி போகிறது என்று அர்த்தம், புது ரிங்கும் இந்நேரம் அரைபட்டுக்கொண்டிருக்கும். ஹோஸ் மடிப்புகளில் வெடிப்பு இருக்கிறதா, கிளாம்ப் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வாயில் வெள்ளைப் பொருக்கோ துருச்சேறோ இருந்தால், புது இன்ஜினைப் பழைய ரேடியேட்டரோடு அப்படியே கோத்திருக்கிறார்கள்.

என்ன வேலை நடந்தது

ரிங் மட்டும் மாற்றிய வேலையை முதலில் எடுத்துக்கொள்வோம், சந்தையில் அதிகம் வருவது அதுதான். ஹெட்டையும் ஆயில் பேனையும் கழற்றி, பிஸ்டனை மேலே உருவி, புது ரிங் போட்டு மூடிவிடுவார்கள். போர் முட்டை வடிவத்தில் இருந்தால் வட்டமான புது ரிங் அதில் முழுவதும் ஒட்டாது. சில ஆயிரம் கி.மீ. புகை அடங்கியிருக்கும், பிறகு திரும்ப வரும். உச்சியில் நின்ற விளிம்பைச் சீவாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். பழைய ரிங் தேய்ந்து மழுங்கியிருந்ததால் அந்த விளிம்பில் இடிக்கவில்லை. கூர்மையான புது ரிங் போய் இடிக்கும், உடையும். உடைந்த துண்டு போரைக் கோடு கோடாகக் கிழித்துவிடும்.

அடுத்தது பாதி வேலை. ஹெட் வேலை, ரிங், பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது). கிராங்கைக் கீழே இறக்கியே இருக்க மாட்டார்கள். போரும் கிராங்கும் அளவுக்குள் இருந்தன என்று அளந்து பார்த்துச் செய்திருந்தால் இது நியாயமான வேலைதான். அளக்காமல் செய்திருந்தால் ஒட்டுப்போட்டதுதான்.

முழு வேலையில் பிளாக் காலியாக லேத்துக்குப் போகும். போரைக் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள், அல்லது போருக்குள் செருகும் குழாயான லைனரை மாற்றிப் பழைய அளவுக்கே கொண்டுவருவார்கள். கிராங்கைச் சாணை பிடித்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடுவார்கள். லேத்தில் ‘பத்து, இருபது, முப்பது, நாற்பது’ என்று பேசுவார்களே, அது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்காக வைத்துச் சொல்வது. இருபது என்றால் சுமார் அரை மில்லிமீட்டர், நாற்பது என்றால் சுமார் ஒரு மில்லிமீட்டர். பெரும்பாலான இன்ஜின்களுக்கு நாற்பதுதான் கடைசி அளவு. கிராங்க் நாற்பதில் இருக்கும் வண்டியை வாங்கினால் அடுத்த முறை சாணை பிடிக்க இடமில்லை, புது கிராங்கே வாங்க வேண்டும். அதை விலையிலேயே கழித்துக் கேட்கலாம்.

பில் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று லேத் பில், மற்றது ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பில். ஸ்பேர் பில்லில் பிஸ்டன் செட் அல்லது லைனர் கிட், ரிங் செட், மெயின் பேரிங் (கிராங்கைப் பிளாக்கில் தாங்குவது), பிக் எண்ட் பேரிங், திரஸ்ட் வாசர், முழு கேஸ்கட் கிட், ஆயில் பம்பு அல்லது அதன் கிட், ஆயில் சீல்கள், வாட்டர் பம்பு ஆகியவை வரிசையாக இருந்தால் வேலை முழுதாக நடந்திருக்கிறது. ரிங் செட்டும் கேஸ்கட்டும் மட்டும் இருந்தால் என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்கவே வேண்டாம். ஆயில் பம்பு அந்தப் பில்லில் இருக்கிறதா என்று கட்டாயம் தேடுங்கள். பேரிங்கெல்லாம் புதிதாகப் போட்டுவிட்டுத் தேய்ந்த ஆயில் பம்பைத் திரும்ப மாட்டுவது, காசை மிச்சம் பிடிக்கப்போய் நடக்கும் பெரிய தவறு.

பில் இல்லை என்றால் வேலை பார்த்த மெக்கானிக்கைப் பாருங்கள், குறைந்தது போனிலாவது பேசுங்கள். ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு அளவுகள் நினைவில் இருக்கும், இல்லையென்றால் நோட்டில் இருக்கும். “அண்ணாச்சி, போர் என்ன சைஸ், கிராங்க் என்ன சைஸ், ரிங் கேப் எவ்வளவு வச்சீங்க, ஹெட்டைப் பிரஷர் டெஸ்ட் பண்ணினீங்களா?” இந்த நான்கு கேள்வி போதும். ரிங் கேப் என்பது போருக்குள் வைத்த ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. அதற்குப் பொதுவான கணக்கு, 100 மி.மீ. போருக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. வரை. பழைய பொலிரோவில் வந்த 2,523 சிசி டிஐ (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்) இன்ஜினின் போர் 88.9 மி.மீ., அதற்கு 0.3 மி.மீ.யை ஒட்டி வரும். ரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியவருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. நான்கு சிலிண்டரில் ஒன்றுக்கு மட்டும் பிஸ்டன் மாற்றியதாகச் சொன்னால் இன்னும் கவனமாக இருங்கள்.

கழற்றிய பழைய சாமான்களைச் சிலர் சாக்கில் கட்டி வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய பேரிங்கின் முதுகில் அதன் அளவு அச்சடித்திருக்கும். அதிலேயே ‘0.50’ என்று இருந்தால், இந்த இன்ஜின் இதற்கு முன்பும் ஒருமுறை பிரிக்கப்பட்டிருக்கிறது. பேரிங்கின் சாம்பல் நிற மேற்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தால் கிராங்கும் அடி வாங்கியிருக்கும். அப்படிப்பட்ட கிராங்கைக் கிரைண்டிங் போடாமல் புது பேரிங்கை மட்டும் மாட்டியிருந்தால் அது நிற்காது.

கேட்க மறந்துவிடும் ஒரு கேள்வி உண்டு: எப்படிக் கழுவினார்கள்? கட்டிய இன்ஜின் ஆயிரம் கி.மீ.க்குள் பேரிங் அடித்துப் போவதற்கு முக்கியக் காரணம் அழுக்குதான். போர் சுவரைச் சாணைக்கல்லால் தேய்த்து நுண்கோடு போடும் ஹோனிங்கின்போது உதிரும் சாணைத் துகள் டீசலில் கழுவினால் முழுதாகப் போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். பிறகு உடனே ஆயில் தடவ வேண்டும், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். கிராங்குக்குள்ளும் பிளாக்குக்குள்ளும் ஓடும் ஆயில் வழிகளின் பிளக்குகளைக் கழற்றி, கம்பி பிரஷ் விட்டுச் சுத்தம் செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் உள்ளே தங்கிய துகளை ஆயில் பம்பே கொண்டுபோய்ப் புது பேரிங்கில் சேர்த்துவிடும்.

கட்டிய பிறகு எப்படி ஓட்டினார்கள் என்பதும் வேலையின் பகுதிதான். புது இன்ஜினை வீட்டு வாசலில் நிறுத்தி நாள் முழுக்க ஐடிலிங்கில் ஓடவிடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இன்ஜினுக்கு நல்லது என்று நினைத்துச் செய்வது அதற்குக் கேடாகவே முடிகிறது. ரிங் போர் சுவரோடு படிய வேண்டுமானால் பாரம் வேண்டும். எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்பக்கம் இறங்கி அதை வெளியே தள்ளினால்தான் அது சுவரில் உரசிப் படியும். சும்மா ஓடும்போது அந்த அழுத்தம் கிடையாது. ஆயில் தீய்ந்து ஹோனிங் கோடுகளை நிரப்பிச் சுவரைக் கண்ணாடி போல வழவழப்பாக்கிவிடும். அதற்குப் பிறகு அந்த ரிங் படியவே படியாது, ஆயில் குடித்துக்கொண்டே இருக்கும். மறுபடி பிரித்து ஹோனிங் போடுவதுதான் வழி. “வேலை பாத்து ரெண்டு மாசமா வண்டி சும்மாதான் நிக்கி, தினம் காலையில ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் ஓட விடுவோம்” என்று ஒருவர் சொன்னால், அது பாராட்டத் தக்க விஷயம் இல்லை.

காலையில், குளிர்ந்த வண்டி

முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: “நாளைக்குக் காலையில வாரேன், நான் வாறதுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணிராதீங்க.” போனதும் பானெட்டைத் திறந்து சைலன்சர் மேனிஃபோல்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். சூடான இன்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். பிஸ்டன் தளர்வாக ஆடும் சத்தம், சோம்பலான ஸ்டார்ட்டிங், முதல் புகை ஆகிய மூன்றையும் குளிர்ந்த நிலையில் மட்டுமே பிடிக்க முடியும்.

ஸ்டார்ட் செய்யும் முன் பளபளவென்று அடித்த புது பெயிண்டைக் கண்டு மயங்க வேண்டாம். கேஸ்கட் ஓரங்களைப் பாருங்கள். சிலிக்கான் பேஸ்ட் பிதுங்கி வழிந்திருந்தால் உள்பக்கமும் அதே அளவு பிதுங்கியிருக்கும். அது உதிர்ந்து ஆயில் சல்லடையை அடைத்து, பேரிங் போன வண்டிகள் உண்டு. போல்ட் தலைகள் மழுங்கியிருந்தால் சரியான சாவி போட்டு வேலை பார்க்கவில்லை. டிப் ஸ்டிக்கை உருவி ஆயிலை இரண்டு விரலுக்கிடையே தேயுங்கள். டீசலில் ஆயில் கறுப்பது இயல்பு, அதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். ஆனால் வெல்லப்பாகு போல இழுபட்டால் சந்தேகப்பட வேண்டும். 15டபிள்யூ-40 ரக இன்ஜின் ஆயில் போட வேண்டிய இடத்தில் கியர் ஆயிலையோ கெட்டி தரும் திரவத்தையோ கலந்தால் சத்தமும் புகையும் சில நாள் அடங்கும், பிரஷரும் கூடுதலாகக் காட்டும். விற்கும் வரை தாங்கினால் போதும் என்று செய்கிற வேலை அது. ஸ்டிக்கை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். முதல் ஆயிலில் மெல்லிய மினுமினுப்பு இருக்கலாம், கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் செதில்கள் இருக்கக் கூடாது.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல் வெள்ளை நுரை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. குளிர் நாடுகளில் வெறும் ஈரக்காற்றாலும் இது வரும். நம் ஊர் வெயிலில் தினமும் ஓடும் வண்டியில் வர வாய்ப்பு குறைவு, எனவே ஹெட் கேஸ்கட்டையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சாவியைத் திருப்பினால் ஆயில் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆன இரண்டு மூன்று விநாடியில் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது யாரோ வயரைப் பிடுங்கியிருக்கலாம். மலைக் குளிர் இல்லாத நம் ஊரில், நல்ல கம்ப்ரஷன் உள்ள டிஐ டீசல் மார்கழி விடியலிலும் இரண்டு மூன்று சுற்றில் பிடித்துவிடும். நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் கம்ப்ரஷன், டீசலைப் பீய்ச்சும் நாசில், டீசல் பம்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று சரியில்லை.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். தண்ணீரில் விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தாலோ, மூடி போட்ட பிறகு ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, எரியும் வாயு தண்ணீருக்குள் கசிகிறது. இன்ஜின் சூடான பிறகு அந்த மூடியைத் தொடக் கூடாது, கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.

புகையின் நிறத்தோடு அது எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். இறக்கத்தில் மிதிக்காமல் இறங்கி, மறுபடி மிதிக்கும்போது மட்டும் ஒரு குப்பென்று வந்தால் வால்வு சீல் அல்லது கைடு. கறுப்புப் புகை டீசல் முழுதாக எரியாதது, ஏர் ஃபில்டர் அடைப்பிலும் நாசில் கோளாறிலும் வரும், செலவு குறைவு. வெள்ளைப் புகை ஸ்டார்ட்டிங்கில் சற்று வந்து மறைந்தால் பரவாயில்லை. சூடேறிய பிறகும் நின்று, இனிப்பான வாடை அடித்தால் கூலண்ட் உள்ளே எரிகிறது.

சத்தத்தைப் பிரித்தறிவது பழக்கத்தில் வரும், ஆனாலும் அடிப்படை எளிது. வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் மேலே, மெல்லியதாக, டிக் டிக்கென்று, இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் கேட்கும். அட்ஜஸ்ட் செய்தால் தீரும். பிஸ்டன் ஆடும் சத்தம் குளிர்ந்திருக்கும்போது கேட்டுச் சூடேறியதும் குறையும். புதுப் பிஸ்டன் போட்டதாகச் சொல்லும் இன்ஜினில் அது கேட்கவே கூடாது. பிக் எண்ட் பேரிங் நேர்மாறு: சூடேறி ஆயில் இளகியதும் கூடும், ஆக்சிலேட்டரை மிதித்து விடும் நொடியில் டக் டக்கென்று தட்டும். மெயின் பேரிங் அடி வயிற்றிலிருந்து வருவது போலக் கனமாக, பாரத்தில் இடிக்கும். கடைசி இரண்டில் ஏதேனும் கேட்டால் வேறு சோதனை தேவையில்லை, வண்டியை விட்டுவிடலாம்.

பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டியில், ஐடிலிங்கில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகத் தளர்த்தி இன்ஜின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று மெக்கானிக் பார்ப்பார். எதைத் தளர்த்தினால் வேகம் குறையவில்லையோ அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. எதைத் தளர்த்தினால் தட்டும் சத்தம் அடங்குகிறதோ அந்த சிலிண்டரில்தான் பேரிங் கோளாறு. எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. அந்தப் பைப்பில் டீசல் நிற்கும் அழுத்தம் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும்.

ஏற்றத்திலும் எதிர்காற்றிலும்

தெருவுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. குறைந்தது 30, 40 கி.மீ., ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். தென்காசிப் பக்கம் என்றால் புளியரை ‘எஸ்’ வளைவு ஏற்றத்தைவிட நல்ல சோதனை இல்லை. தெற்கே என்றால் ஆனி, ஆடியில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் போங்கள். காற்றாலைகளைச் சுற்றும் அதே கணவாய்க் காற்று வண்டியை எதிரே நின்று தள்ளும், சமதளத்திலேயே ஏற்றம் ஏறும் பாரம் இன்ஜினுக்குக் கிடைக்கும்.

ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். புகையே இல்லை, ஆனால் இழுவையும் இல்லை என்றால், புகை தெரியாமல் இருக்கப் பம்பில் டீசல் அளவைக் குறைத்து வைத்திருக்கலாம். டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றுவிட வேண்டும். ஏற்றத்தில் ஏறிக்கொண்டே போனால் ரேடியேட்டர், வாட்டர் பம்பு, கேஸ்கட் என வரிசையாகச் சந்தேகிக்க வேண்டும். முள் மேலே வரவே இல்லை, ஹீட்டே ஏறவில்லை என்றாலும் மகிழ வேண்டாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். நம் ஊரில் இது பரவலான பழக்கம். சூடு ஏறாமல் இருக்கத்தானே என்று செய்வது. ஆனால் வேண்டிய வெப்பத்துக்கு வராமலே ஓடும் இன்ஜினில் போர் தேய்மானம் கூடும். எதை மறைக்க அதைக் கழற்றினார்கள் என்ற கேள்வியும் மிஞ்சும்.

திரும்பி வந்ததும் அணைக்காமல் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய இந்த நிலையில்தான் பேரிங்கின் உண்மை நிலை தெரியும். ஆயில் பிரஷர் மீட்டர் இருந்தால் ஐடிலிங்கில் 10, 15 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது, 2,000 ஆர்பிஎம்மில் 40 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்க வேண்டும். மீட்டர் இல்லாத வண்டியில் ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டிப் பார்க்கலாம், பத்து நிமிட வேலை. ஐடிலிங்கை வேண்டுமென்றே கூட்டி வைத்திருந்தால் விளக்கு எரியாமல் தப்பிக்கும். அதனால் வேகத்தைச் சரியான அளவுக்குக் குறைத்துவிட்டே பாருங்கள்.

இப்போது ஆயில் மூடியைக் கழற்றி, கவிழ்த்து, வாயின் மேல் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் சரி. துள்ளிக் கீழே விழுந்தாலோ, வாயிலிருந்து புகை கட்டி வந்தாலோ பிரீத்தர் ஊதுகிறது, ரிங் பிடிக்கவில்லை. பிரீத்தர் பைப்பின் முனையையும் தேடிப் பாருங்கள். அதைக் கழற்றிச் சேஸிஸுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் நீளமாக விட்டிருப்பார்கள். பிறகு அணைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகத் தயங்கும் இன்ஜினும் நல்ல இன்ஜின் இல்லை.

கேஜ் வைத்து அளப்பது

இவ்வளவிலும் தேறிய வண்டிக்கு மட்டும் கம்ப்ரஷன் டெஸ்ட் செலவு செய்தால் போதும். இன்ஜின் சூடாக, பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் எல்லா பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துச் செல்ஃப் அடித்தால் பொதுவாக 120 முதல் 170 பிஎஸ்ஐ வரை வரும். டீசலில் 350 முதல் 450 பிஎஸ்ஐ வரை. அந்தந்த இன்ஜினுக்கான அளவைக் கம்பெனிக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணைவிட முக்கியம் சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசம், 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சில நூறு கி.மீ. மட்டும் ஓடிய புது வேலையில் ரிங் படியாமல் எல்லாமே சற்றுக் குறைவாக, ஆனால் சமமாக இருக்கலாம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் சாக்குப்போக்கு எடுபடாது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் தாழ்ந்திருந்தால் நடுவே கேஸ்கட் போயிருக்கலாம்.

பெட்ரோலில் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் என்று பிரித்துவிடலாம். டீசலில் இதைச் செய்ய வேண்டாம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அங்கே மிஞ்சும் இடம் மிகச் சிறிது, ஆயில் அதை நிரப்பினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

பிளாக் எண்ணும் ஆர்சியும்

பிளாக்கையே மாற்றிக் கட்டிய வண்டிகளில் இன்ஜின் எண் வேறாக இருக்கும். பிளாக்கில் பொறித்த எண்ணைத் துடைத்து, ஆர்சியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். டிஎன் 72 ஆனாலும் டிஎன் 76 ஆனாலும் மாற்றிய இன்ஜின் ஆர்டிஓ ஆபீஸில் பதிவாகி ஆர்சியில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் பெயர் மாற்றம் நிற்கும், இன்ஷூரன்ஸ் கிளெய்மும் சிக்கும். எண் இருக்கும் இடத்தில் ராவிய தடமோ புதிதாக அடித்த தடமோ தெரிந்தால் அந்த வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். 15 வருடம் முடியப்போகும் சொந்த உபயோக வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

வாங்கிய பிறகு முதல் ஆயிரம் கி.மீ.

வேலை பார்த்து எத்தனை கி.மீ. ஓடியது என்று தெரியாவிட்டால் புது இன்ஜினாகவே நடத்துங்கள். வாங்கிய அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்து உள்ளிருக்கும் தாளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு: ரிங், போர், கிராங்க். ஒட்டாமல் மினுங்குவது பேரிங் அல்லது பிஸ்டன். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாமல், பாரத்தையும் வேகத்தையும் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். மூச்சு முட்ட இழுக்க விடவும் வேண்டாம், சும்மா நின்று ஐடிலிங்கில் ஓடவும் வேண்டாம். 500 கி.மீ. ஆனதும் இன்ஜின் ஆறிய நிலையில் டேப்பட் இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டிய வகை கேஸ்கட் என்றால் அதையும் டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் சாவி) வைத்து, கம்பெனி சொன்ன வரிசையில் செய்ய வேண்டும்.

வண்டியில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை காலையில், சமதளத்தில், டிப் ஸ்டிக் அளவையும் மீட்டர் கி.மீ.யையும் எழுதி வாருங்கள். முதல் 1,000 கி.மீ.யில் அரை லிட்டர் குறைந்து, அடுத்த 1,000-இல் அதில் பாதியாகி, பிறகு நின்றால் ரிங் படிந்துவிட்டது. மூன்றாவது ஆயிரத்திலும் அரை லிட்டருக்கு மேல் கேட்டால், பில்லை எடுத்துக்கொண்டு வேலை பார்த்த மெக்கானிக்கிடம் போக வேண்டிய நேரம் அது.